இடுப்பில் ஒன்று, அலமாரியில் பதினொன்று

போன வாரம் மதுரையிலிருந்து என் கல்லூரித் தோழன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டெக்சஸ்ல ஏதோ ஒரு கடைத்தெரு. ஏழெட்டு பேர் தோள்ல ரைஃபிளை மாட்டிக்கிட்டு, கையில காபி டம்ளரோட, சாவகாசமா நடந்து போறாங்க. கீழே அவன் கேள்வி: "டேய், இது நிஜமா? இவங்களை போலீஸ் பிடிக்காதா?"

பிடிக்காது, பிடிக்காதுன்னு ஊருக்குக் காட்டத்தான் அப்படி நடக்கறாங்கன்னு பதில் போட்டேன். அதோட விட்டிருக்கலாம். ஆனா இதைப் பத்தி எனக்குள்ள பல வருஷமா ஒரு கதை கிடக்கு. இன்னைக்கு எழுதிடறேன். நீளமான இழை. பொறுமையா படிங்க.

முதல்ல என் தரப்பைச் சொல்லிடணும். மதுரையில படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நேர்ல பார்த்த துப்பாக்கி ரெண்டே வகை. ஒண்ணு, பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கற வாட்ச்மேன் தாத்தாவோட இரட்டைக்குழல். அது சுடுமாங்கறது அவருக்கே சந்தேகம்தான். இன்னொண்ணு, சித்திரைப் பொருட்காட்சியில பலூன் சுடறது. தேர்தல் தேதி அறிவிச்சா லைசென்ஸ் துப்பாக்கியைக் கூட போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்கிற ஊர்லேருந்து வந்தவன் நான். அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலைன்னு நடிக்கப் போறதில்லை.

2012-ல் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்ல குடும்ப மருத்துவரா வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்ல சில வருஷம் வேலை பார்த்தாத்தான் விசா நிலைக்கும்கிற கணக்கு. என்னை மாதிரி வந்த பல தமிழ் டாக்டர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அங்கே முதல் வருஷமே எனக்குக் கிடைச்ச நோயாளி ஒருத்தர். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஓய்வு பெற்ற வெல்டர், 60 தாண்டினவர், பிபி, சுகர், முட்டி வலி. எப்பவும் தலையில கவ்பாய் தொப்பி. இங்க அவரைத் தொப்பிக்காரர்னே சொல்றேன். மனைவியும் கூடவே வருவாங்க. அவர் திருட்டுத்தனமா சாப்பிட்ட இனிப்புக் கணக்கை என்கிட்ட போட்டுக் கொடுக்கறது அவங்கதான்.

2013-ல் அவர் ஓப்பன் கேரி இயக்கத்துல சேர்ந்தார். துப்பாக்கியை மறைக்காம, நாலு பேர் பார்க்கற மாதிரி எடுத்துட்டுப் போற உரிமைக்காகப் போராடற இயக்கம்.

அமெரிக்காவுல அந்த உரிமை ஏற்கெனவே இருக்கேன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். தொப்பிக்காரர்தான் விளக்கினார். டெக்சஸ் சட்டம் அப்ப ஒரு விநோதமான நிலையில இருந்துச்சு. நீளமான ரைஃபிளைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறதுக்கு லைசென்ஸே தேவையில்லை. ஆனா கைத்துப்பாக்கியை வெளியே தெரியற மாதிரி வச்சுக்கறது 1871-லேருந்தே தடை. 1995-ல் வந்த சட்டப்படி லைசென்ஸ் வாங்கினா சட்டைக்குள்ள மறைச்சு வச்சுக்கலாம், அவ்வளவுதான். கைத்துப்பாக்கிக்கு அனுமதி வேணும்னு கேக்கறவங்க, அது கிடைக்கிற வரைக்கும் அதைவிடப் பெரிய ரைஃபிளைத் தூக்கிட்டு நடப்போம்னு முடிவு பண்ணினாங்க. "பார்க்கறவங்களுக்கு உறுத்துதா? அப்ப சின்னதை அனுமதிச்சிடுங்க" என்பதுதான் கணக்கு. போராட்ட உத்தின்னு பார்த்தா கெட்டிக்காரத்தனம்தான்.

பொறி வச்சது 2013 மார்ச்ல டெம்பிள் என்ற ஊர்ல நடந்த கைது. சி.ஜே. கிரிஷம் என்ற ராணுவ வீரர் சாரணர் பேட்ஜுக்காக மகனோட நெடுநடை போயிட்டிருந்தார். தோள்ல ஏஆர்-15 ரைஃபிள். யாரோ போலீஸுக்குச் சொல்ல, போலீஸ்காரர் வந்து துப்பாக்கியில கை வைக்க, தகராறு, கைது. அந்தக் கைதோட வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. அந்த வருஷமே அவர் 'ஓப்பன் கேரி டெக்சஸ்' அமைப்பைத் தொடங்கினார்.

எதிர்ப்பக்கம் அம்மாக்கள். 2012 டிசம்பர்ல சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், ஷானன் வாட்ஸ் என்ற பெண் ஒரு ஃபேஸ்புக் பக்கத்துல ஆரம்பிச்ச இயக்கம் 'மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்'. 2013 நவம்பர்ல எங்க பக்கத்து ஊரான ஆர்லிங்டன்ல ஒரு ஹோட்டல்ல இந்த இயக்கத்துப் பெண்கள் 4 பேர் கூட்டம் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல வெளியே வண்டி நிறுத்தற இடத்துல சுமார் 40 பேர் துப்பாக்கிகளோட வந்து நின்னாங்க. குரூப் போட்டோ எடுக்கத்தான் நின்னோம், யாரையும் மிரட்டலைன்னு சொன்னாங்க. இருக்கலாம். ஆனா ஜன்னலுக்கு உள்பக்கம் உக்காந்து பார்த்த அந்த 4 பேருக்கு அது போட்டோன்னு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்விதான் அப்பலேருந்து என்னை விடவே இல்லை.

2014-ல் டல்லஸ்ல ஒரு சிப்போட்லே கடைக்குள்ள ரெண்டு பேர் ரைஃபிளோட நிக்கற போட்டோ பரவி, அந்தக் கம்பெனி "தயவுசெய்து துப்பாக்கி கொண்டுவராதீங்க"ன்னு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கிட்டது. அதுக்கு முந்தின வருஷமே ஸ்டார்பக்ஸ் கேட்டிருந்தது. துப்பாக்கிக்காரர்களுக்கெல்லாம் பெரியண்ணனான தேசிய ரைஃபிள் சங்கம், என்.ஆர்.ஏ., இருக்கே, அதுவே "சாப்பாடு வாங்கற வரிசையில ரைஃபிளோட நிக்கறது விசித்திரமா இருக்கு"ங்கற மாதிரி எழுதிடுச்சு. தொப்பிக்காரரோட கூட்டாளிகள் சிலர் கோபத்துல சங்க உறுப்பினர் அட்டையை வெட்டிப் போட்டாங்க. சில நாள்லேயே சங்கம் பின்வாங்கி, அது ஒரு ஊழியரோட சொந்தக் கருத்துன்னு சொல்லிடுச்சு. அரசியல் தெரிஞ்ச நம்மாளுங்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில ஜெயிச்சது அவங்கதான். 2015 ஜூன்ல ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்துப் போட, 2016 ஜனவரி 1-லேருந்து லைசென்ஸ் உள்ளவங்க கைத்துப்பாக்கியை இடுப்பிலோ தோளிலோ உறையில போட்டு வெளிப்படையா எடுத்துட்டுப் போகலாம்னு ஆச்சு.

ஆனா தனியார் இடத்துக்காரர் வேண்டாம்னு சொல்லலாம். அதுக்கு ஒரு போர்டு வைக்கணும். சட்டப் பிரிவு எண்ணை வச்சு அதுக்குப் பேரே '30.07'. மறைச்சு வச்சிருக்கறவங்களுக்குத் தனி போர்டு, '30.06'. ரெண்டும் இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் இருக்கணும், ஒவ்வொரு எழுத்தும் குறைஞ்சது 1 அங்குல உயரம் இருக்கணும். இப்படி எழுதினா போர்டு கதவளவுக்கு வந்துடும். எங்க கிளினிக் கண்ணாடிக் கதவுல ரெண்டையும் ஒட்டினோம். அன்னைக்குத் தொப்பிக்காரர் வந்தார். நின்னு முழுசா படிச்சார். திரும்பிப் போய் பிக்கப் வண்டியில துப்பாக்கியை வச்சுப் பூட்டிட்டு, காலி உறையோட உள்ளே வந்தார். "உங்க இடம், உங்க சட்டம், டாக்" என்றார். ஒரு தடவை கூட அவர் அதை மீறினதில்லை. இதையும் நான் சொல்லணும். இந்த இயக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் வெறியர்கள்னு நினைச்சா அது தப்பு. என் கார் பஞ்சரானப்ப மழையில நனைஞ்சுட்டே ஸ்டெப்னி மாத்திக் கொடுத்தவர் அவர்.

அவர் வாதம் ரெண்டு. "மறைச்சு வச்சிருக்கறவனைப் பார்த்துத்தான் பயப்படணும், டாக். நான் எதையும் மறைக்கலையே." இது முதலாவது. "தினமும் பார்த்தா பழகிடும். பழகிட்டா பயம் போயிடும்." இது ரெண்டாவது.

ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அது எங்க துறை. பயத்துக்குப் பழக்கம் மருந்துங்கறது உண்மைதான். நாயைக் கண்டா நடுங்கறவருக்கு முதல்ல நாய் படம், அப்புறம் தூரத்துல நாய், அப்புறம் பக்கத்துல நாய்னு கொண்டு போவோம். ஆனா அதுல ரெண்டு நிபந்தனை உண்டு. நோயாளி சம்மதிச்சிருக்கணும். நாய் கடிக்காத நாயா இருக்கணும். பலசரக்குக் கடைக்குப் பிள்ளையோட வந்த அம்மா எந்தச் சம்மதமும் கொடுக்கலை. கடிக்குமா கடிக்காதான்னு அவங்களுக்குத் தெரியாது.

இனி முதல் வாதம். வெளிப்படையா இருக்கறதால ஏதோ தெரியவருதுன்னு சொல்றார் இல்லையா? என்ன தெரியவருது? ஒரு டெஸ்ட், நோய் இருக்கறவருக்கும் பாசிட்டிவ், இல்லாதவருக்கும் பாசிட்டிவ்னா அந்த டெஸ்டை வச்சு நான் என்ன பண்ண முடியும்? தோள்ல ரைஃபிள் தொங்கறது அந்த மாதிரி டெஸ்ட்.

2015 அக்டோபர் 31. கொலராடோ ஸ்பிரிங்ஸ். காலையில ஒரு பெண் ஜன்னல் வழியா, தெருவுல ரைஃபிளோட ஒருத்தன் திரியறதைப் பார்த்து 911-க்குப் போன் பண்றாங்க. இது ஓப்பன் கேரி மாநிலம், துப்பாக்கியோட நடக்கறது சட்டப்படி சரிதான்னு போனை எடுத்தவர் விளக்கறார். கொஞ்ச நேரத்துல அதே பெண்கிட்டேருந்து மறுபடி போன். அவன் சுட ஆரம்பிச்சுட்டான். 3 பேர் செத்தாங்க, அப்புறம் போலீஸ் அவனைச் சுட்டது. போனை எடுத்தவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. சட்டம் அவர் கையில கொடுத்த பதிலைத்தான் அவர் சொன்னார். நடக்கறதுக்கும் சுடறதுக்கும் நடுவுல குற்றம்னு சொல்ல எதுவுமே இல்லை.

2016 ஜூலை 7. இது எங்க ஊர்லேருந்து கூப்பிடு தூரம். டல்லஸ்ல கருப்பினத்தவர் மேல நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடுகளை எதிர்த்து ஊர்வலம். அதுல சிலர் சட்டப்படி ரைஃபிளோட நடந்தாங்க. திடீர்னு ஒருத்தன் போலீஸைக் குறிவச்சுச் சுட்டான். 5 போலீஸ்காரர்கள் இறந்தாங்க. அந்தக் குழப்பத்துல மார்க் ஹியூஸ் என்ற கருப்பினத்தவரோட போட்டோவை, 'சந்தேக நபர்'னு டல்லஸ் போலீஸ் ட்விட்டர்ல போட்டுடுச்சு. அவர் செஞ்சது என்ன? தோள்ல ரைஃபிள் மாட்டி ஊர்வலத்துல நடந்தார். சூடு ஆரம்பிச்சதும் துப்பாக்கியைத் தானே ஒரு போலீஸ்காரர் கையில ஒப்படைச்சார். விசாரிச்சு விட்டுட்டாங்க. ஆனா நாடே அவர் முகத்தைப் பார்த்துடுச்சு. சுடறப்ப பத்துப் பேர் ரைஃபிளோட ஓடினா யார் நல்லவன், யார் கெட்டவன்னு எப்படித் தெரியும்னு அப்புறம் கேட்டது எதிர்ப்பாளர்கள் இல்லை, டல்லஸ் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன்.

அடுத்த வாரம் தொப்பிக்காரர் வந்தப்ப ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட்டோம். கிளம்பறப்ப உண்மையான அக்கறையோட சொன்னார்: "காலம் சரியில்லை டாக். நீங்களும் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. சுட நான் சொல்லித் தரேன்."

நான் கேட்டேன்: "இந்தக் கலரோட, இந்தப் பேரோட, நான் இடுப்புல துப்பாக்கி மாட்டிக்கிட்டுக் கடைக்குள்ள போனா என்ன ஆகும்?"

அவர் உடனே பதில் சொல்லலை. தொப்பியைக் கழட்டி, உள்பக்கத்தைப் பார்த்துட்டு, திரும்பப் போட்டுக்கிட்டார். "முதல்ல ஒரு தொப்பி வாங்குங்க" என்றார். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அவருக்குப் புரிஞ்சுது, அவருக்குப் புரிஞ்சுதுங்கறது எனக்கும் புரிஞ்சுது.

ஒஹாயோவும் ஓப்பன் கேரி மாநிலம்தான். அங்கே 2014 ஆகஸ்ட்ல ஒரு வால்மார்ட் கடைக்குள்ள, விற்பனைக்கு வச்சிருந்த காத்துத் துப்பாக்கியை அலமாரியிலேருந்து எடுத்துக் கையில வச்சுட்டுப் போன்ல பேசிட்டிருந்த ஜான் கிராஃபோர்டு என்ற 22 வயசு கருப்பின இளைஞரை போலீஸ் சுட்டுக் கொன்னது. நிஜத் துப்பாக்கியாவே இருந்திருந்தாலும், கையில வச்சிருக்கறது அங்கே குற்றமில்லை. அதே வருஷம் நவம்பர்ல கிளீவ்லாந்து பூங்காவுல பொம்மைத் துப்பாக்கியோட விளையாடின டாமிர் ரைஸ். வயசு 12. போலீஸ் வண்டி வந்து நின்னு ரெண்டு வினாடிக்குள்ள சுட்டாங்க.

இது பழைய கதையும் கூட. 1967 மே மாசம், கலிஃபோர்னியா சட்டசபைக்குள்ள 'பிளாக் பாந்தர்' இயக்கத்துக்காரங்க துப்பாக்கியோட நுழைஞ்சாங்க. அன்னைக்கு அங்கே அது சட்டப்படி சரி. போலீஸ் எங்களை அடிக்குது, எங்களை நாங்களே காப்பாத்திக்கறோம்னாங்க. மூணு மாசத்துக்குள்ளேயே, குண்டு நிரப்பின துப்பாக்கியைப் பொது இடத்துல எடுத்துட்டுப் போறதுக்குத் தடை வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டது ஆளுநர் ரொனால்ட் ரீகன். என்.ஆர்.ஏ.வும் ஆதரவு. இதைத் தொப்பிக்காரர்கிட்ட சொன்னப்ப அவருக்கு ஆச்சரியம். "அந்தச் சட்டம் தப்பு" என்றார். அவர் நேர்மைக்கு இது ஒரு மார்க்.

அவர் பக்கத்து மார்க் இன்னொண்ணும் உண்டு. 2020 ஜனவரியில விர்ஜீனியா தலைநகர் ரிச்மண்ட்ல 22,000 பேர் கூடினாங்க. வெளியே நின்ன ஆயிரக்கணக்கானவங்க கையில துப்பாக்கி. ஒரு குண்டு கூட வெடிக்கலை. அவர் அன்னைக்கு ராத்திரியே எனக்கு மெசேஜ் போட்டார். நான் அந்த மாநில ஆளுநர் ரால்ஃப் நார்தமைத்தான் நினைச்சுட்டிருந்தேன். அவர் தொழில்ல குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டர். முன்னெச்சரிக்கையா அவசரநிலை அறிவிச்சு, சட்டசபை வளாகத்துக்குள்ள துப்பாக்கியைத் தடுத்திருந்தார். ஒண்ணும் நடக்கலைங்கறதுக்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம்னு நான் பதில் போட்டேன். அவர் கட்டைவிரல் உயர்த்தின பொம்மை ஒண்ணு அனுப்பினார். வாக்குவாதத்துல எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் நாகரிகம்.

ஆனா அதுக்குள்ள எங்களுக்குள்ள வேற ஒண்ணு நடந்து முடிஞ்சிருந்துச்சு. அதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2018 செப்டம்பர்ல அவர் மனைவி இறந்துட்டாங்க. கணையப் புற்றுநோய். கண்டுபிடிச்சு அஞ்சே மாசம். காரியம் முடிஞ்சு அவர் கிளினிக் வந்தப்ப பிபி பார்த்தேன், சுகர் பார்த்தேன், கையைப் பிடிச்சு ஆறுதல் சொன்னேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கலை.

ஆறு வாரம் கழிச்சு வந்தார். 7 கிலோ குறைஞ்சிருந்தார். சட்டை தொளதொளன்னு இருந்துச்சு. தூக்கம் இல்லை. அன்னைக்கும் கேக்கத் தயங்கினேன்.

ஏன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். அந்த மாசம்தான் என்.ஆர்.ஏ., துப்பாக்கியைப் பத்திப் பேசற டாக்டர்கள் எல்லாம் அவங்கவங்க பாதையில போகட்டும்னு ட்வீட் போட்டிருந்துச்சு. காயத்துக்குக் கட்டுப் போடற நாங்க பேசாம யார் பேசறதுன்னு நாடு முழுக்க டாக்டர்கள் கொந்தளிச்சாங்க. ரத்தம் படிஞ்ச உடையோட போட்டோ போட்டாங்க. அதுக்கு முன்னாடி, 2011-லேயே, நோயாளிகிட்ட துப்பாக்கி பத்தி டாக்டர் கேக்கறதைக் கட்டுப்படுத்தி ஃபுளோரிடாவுல ஒரு சட்டம் போட்டு, அதை நீதிமன்றம் தள்ளுபடி பண்ண 2017 வரைக்கும் ஆச்சு. இப்படி 'வீட்டுல துப்பாக்கி இருக்கா?'ங்கற கேள்வியே கட்சிக் கொடி மாதிரி ஆகியிருந்துச்சு. நான் கேட்டா இவர் என்னை எதிர்க்கட்சி ஆள்னு நினைச்சுட்டு இனிமே வராமலே போயிட்டா? இது ஒரு பாதி. இன்னொரு பாதி இன்னும் மோசம். அவரோட துப்பாக்கியை நான் ஆறு வருஷமா பார்த்துட்டு இருந்தேன். கண்ணுக்கு முன்னாடி இருக்கறதை என்னன்னு கேக்கறது?

பழகிடுச்சு. அவர் சொன்ன மாதிரியே.

ஹவுஸ் சர்ஜனா மதுரை பெரியாஸ்பத்திரியில ராத்திரி ராத்திரியா பூச்சிமருந்து கேஸ் பார்த்தவன் நான். பிழைச்சவங்கள்ல எத்தனையோ பேர் மறுநாள் காலையில சொன்னது ஒண்ணுதான்: அந்த நேரத்துல கையில கிடைச்சுச்சு சார். இலங்கையில ரொம்ப நச்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணினப்புறம் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்குச்சு. சிநேகா அமைப்பைத் தொடங்கின டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவும் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்கள்ல, விவசாயிகள் மருந்தை வீட்டுல வைக்காம பொது லாக்கர்ல வச்சுப் பூட்டற ஏற்பாட்டைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அந்தக் கெட்ட பத்து நிமிஷத்தைக் கடக்க வச்சுட்டா, பெரும்பாலானவங்க பிழைச்சுக்கறாங்க. ஒருதரம் முயற்சி பண்ணிப் பிழைச்சவங்கள்ல 10-ல் 9 பேர் பின்னாடி தற்கொலையில சாகறதில்லை. துப்பாக்கி அந்தப் பத்து நிமிஷத்தைத் தராது. 2021-ல் அமெரிக்காவுல துப்பாக்கியால இறந்தவங்க 48,830 பேர். அதுல 26,328 தற்கொலை. பாதிக்கு மேல. தெருவுல யார் எதைத் தூக்கிட்டு நடக்கறாங்கன்னு நாங்க ரெண்டு கட்சியும் கத்திட்டிருந்தப்ப, சாவு வீட்டுக்குள்ள, படுக்கையறை அலமாரிக்குள்ள இருந்துச்சு.

(இந்தப் பகுதி உங்கள்ல யாருக்காவது கனமா இருந்தா, தமிழ்நாட்டுல 104, அமெரிக்காவுல 988. கூச்சப்படாம கூப்பிடுங்க.)

அன்னைக்கு மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாளைக் கொடுத்தோம். ஒன்பதாவது கேள்வி, செத்துடலாம்னு தோணுதாங்கறது. 'சில நாட்கள்'ங்கற கட்டத்துல டிக் அடிச்சிருந்தார். இனியும் கேக்காம இருந்தா நான் டாக்டரே இல்லை.

"வீட்டுல எத்தனை துப்பாக்கி இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அவங்க கட்சியா, டாக்?"

"சட்டம் பேசலை. சாவி யார்கிட்ட இருக்குன்னு கேக்கறேன்."

ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார். "அலமாரியில 11. வண்டியில ஒண்ணு."

ஆறு வருஷமா நான் பார்த்தது அந்த வண்டியில இருந்த ஒண்ணை மட்டும்தான். எதையும் மறைக்கலைன்னு சொன்னவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்கலை. அவரும் மறைக்கலை. நான் கேக்கலை.

நியூ ஹாம்ப்ஷயர்ல 2009-ல் நடந்ததைச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள்ள, ஒருத்தரை ஒருத்தர் தெரியாத 3 பேர் ஒரே கடையில துப்பாக்கி வாங்கித் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. அந்தக் கடைக்காரருக்கு மனசு தாங்கலை. அவரும் பொது சுகாதார ஆட்களும் சேர்ந்து, மனசு சரியில்லாத நண்பரோட துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வாங்கி வச்சுக்குங்கன்னு துப்பாக்கிக்காரர்கள் மத்தியிலேயே சொல்ல ஆரம்பிச்சாங்க. "இது அரசாங்கம் பிடுங்கறது இல்லை. குடிச்சவன் கையிலேருந்து கார் சாவியை வாங்கி வைக்கறோமே, அது மாதிரி."

"யார்கிட்ட கொடுக்கறது?" என்றார்.

"நீங்க யாரை நம்பறீங்க?"

அவர் போன் பண்ணினது அவரோட இயக்கக் கூட்டாளி ஒருத்தருக்கு. சிப்போட்லே விவகாரத்துல சங்க அட்டையை வெட்டிப் போட்டவர். அன்னைக்குச் சாயங்காலமே அந்த மனுஷர் பிக்கப் வண்டியோட வந்து, பதினொண்ணையும் போர்வையில சுத்தி ஏத்திட்டுப் போனார். ஒரு கேள்வி கேக்கலையாம். மகள் ஹூஸ்டன்லேருந்து வந்து கூட இருந்தாங்க. மருந்து ஆரம்பிச்சோம், ஆலோசனைக்கும் அனுப்பினோம். வண்டியில இருந்த ஒண்ணை மட்டும் கொடுக்க மாட்டேன்னுட்டார். "அதை மட்டும் கேக்காதீங்க. அது இல்லாம நான் யாருன்னே எனக்குத் தெரியாது." தினமும் காலையில போன் பண்ணினேன், சுகர் எவ்வளவுன்னு கேக்கற சாக்குல. அந்த நாட்கள்ல போன் மணி அடிச்சு அவர் எடுக்கற வரைக்கும் எனக்கு மூச்சு நிக்கும். ஆறாம் நாள் சுகர் அளவைச் சொல்லிட்டு, போகிற போக்குல, "அதையும் கொடுத்துட்டேன்" என்றார்.

அடுத்த தடவை கிளினிக் வந்தப்ப பெல்ட்ல உறை மட்டும் காலியா தொங்கிட்டிருந்துச்சு. வழக்கமா காலியாத்தானே வருவார், வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார்: "வண்டியிலயும் இல்லை, டாக். போய்ப் பாருங்க." நான் போய்ப் பார்க்கலை.

அவர் கொள்கை மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஒரு வருஷம் கழிச்சு, தெளிவானப்புறம், இடுப்புத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கிட்டார். நான்தான் சரின்னு சொன்னேன். சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அலமாரியில இருந்ததெல்லாம் இன்னமும் அந்தக் கூட்டாளி வீட்டுலதான். நவம்பர்ல மான் வேட்டை சீசன் வந்தா ஒரு ரைஃபிளை வாங்கிட்டுப் போவார், சீசன் முடிஞ்சதும் கொண்டு போய்க் கொடுத்துடுவார். அது அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு ஏற்பாடு. அதுல டாக்டருக்கு வேலையில்லை.

2021 செப்டம்பர் 1-லேருந்து டெக்சஸ்ல 21 வயசான பெரும்பாலானவங்களுக்குக் கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போக லைசென்ஸே தேவையில்லைன்னு சட்டம் மாறுச்சு. அவர் இயக்கத்துக்குப் பெரிய வெற்றி. எனக்கு ஏமாற்றம். லைசென்ஸ் இல்லாதவங்களுக்கும் தடைன்னா அதுக்குத் தனியா '30.05'னு இன்னொரு போர்டு. எங்க கதவுல அதையும் ஒட்டினோம்.

அந்த வாரம் அவருக்கு சுகர் செக்கப். வாசல்ல நின்னு, மூணு போர்டையும் மேலேருந்து கீழே வரைக்கும் படிச்சுட்டு, கண்ணாடியில மிச்சமிருந்த ஒரு சின்ன இடைவெளி வழியா குனிஞ்சு உள்ளே பார்த்துக் கத்தினார்:

"டாக், கதவு எங்கே இருக்கு?"